அறையின் வெளிச்சமும் படத்தின் பிரகாசமும்

பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடும் தகப்பன்மார் நிறைந்த கரை இது. மருதமுனையில் தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரைக்கும் கடலை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களில், கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதே தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் வழக்கமாதலால், சீதன வீடு என்பது வெறும் சொத்தாக மாத்திரம் நில்லாமல், ஒரு குடும்பத்தின் பல வருஷத்துப் பிரயாசையையும் கௌரவத்தையும், சில வேளைகளில் கடனையுங்கூடச் சுவராக எழுப்பி நிறுத்திய சாட்சியமாகவே ஆகிவிடுகின்றது.

அத்தகைய வீட்டைப் படம்பிடித்து அனுப்பவேண்டிய அவசியம் முன்னொரு காலத்திலும் இல்லாத அளவுக்கு இப்போது பெருகியிருக்கின்றது. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துக்கொண்டிருக்கும் வாப்பாவும் மூத்த காக்காவும், ஹோலுக்குப் பூசிய பெயின்ட் எப்படி வந்திருக்கின்றது, குசினிக்குப் போட்ட டைல்ஸ் என்ன நிறம் என்பதையெல்லாம் கையடக்கத் தொலைபேசியில் வந்துசேரும் படங்களைக் கொண்டே தீர்மானிக்கின்றார்கள். கதிரை, கட்டில், அலுமாரி செய்யும் தச்சுப் பட்டறைக்காரரும், அறைகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கும் இளைஞரும், தெற்கே பொத்துவிலுக்கு அப்பால் அறுகம்குடாவில் உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுவோரும் தத்தம் தொழிலை நடத்துவது பெரும்பாலும் படங்களின் பலத்தினாலேதான். இவர்கள் எல்லாரும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்கள்போல, படமெடுப்பவரிடம் ஒரே குறையைச் சொல்லுகின்றார்கள்: “வெளிச்சம் காணாது தம்பி, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க.” தம்பியும் கணினியில் பிரகாசத்துக்குரிய ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளுகின்றார், படம் பளிச்சென்று மாறுகின்றது, எல்லாருக்கும் திருப்தி.

இந்தத் திருப்தியைப் பற்றித்தான் எனக்கு ஆட்சேபம் உண்டு. ஓர் அறையின் படத்தில் எவ்வளவு பிரகாசம் இருக்கவேண்டும் என்பது, பார்ப்பவர் மனம் மகிழும்வரை கூட்டிக்கொண்டே போகத்தக்க விஷயமன்று; அந்த அறை எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றது, எத்தனை மணிக்கு எடுத்த படம், யன்னல் எங்கே, சுவர் எத்தகையது என்னும் கேள்விகளுக்கு அந்த ஒற்றை அளவே விடையாக நிற்கின்றது. அளவு பிழைத்தால் விடையும் பிழைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கண்ணின் சுபாவத்தைக் கொஞ்சம் ஆராய்வோம். இந்த ஆராய்ச்சியில் உலகத்துக்கு வழிகாட்டியவர் நம் வாசகர் பலருக்கும் பெயரளவில் தெரிந்த ஒருவரே. ஏறக்குறைய 965இல் பஸ்ராவில் பிறந்து, தம் முதிர்ந்த வயதைக் கெய்ரோவில் கழித்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னு அல்-ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலை 1011க்கும் 1021க்கும் இடைப்பட்ட வருஷங்களில் இயற்றினார். அந்தக் காலத்தில் கலீபா அல்-ஹாக்கிமின் கோபத்துக்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர்போல் நடித்து, ஒரு வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார் என்று சரித்திர ஆசிரியர் கூறுவர். கண்ணிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகின்றது என்று கிரேக்க அறிஞர் பலர் நம்பியிருக்க, ஒளி பொருளிற்பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் வருவதாலேயே காண்கின்றோம் என்பதை இருட்டறைக்குள் பரிசோதனை செய்து நிலைநாட்டியவர் அவர். அந்நூலின் ஆயிரமாவது ஆண்டு நினைவும், 2015ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது கூடவே போற்றப்பட்டது.

நம்முடைய விஷயத்துக்கு நேராக உதவும் ஓர் அவதானம் அந்நூலில் உண்டு. ஒரே சாயத்தை வெண்மையான பரப்பின்மீது சிறு புள்ளியாக வைத்தால் அது கறுத்துத் தோன்றும். அதே சாயத்தைக் கரிய பரப்பின்மீது வைத்தால் வெளிறித் தோன்றும். சாயம் மாறவில்லை, சுற்றுப்புறம்தான் மாறியது என்று அவர் எழுதிவைத்தார். கண் எதையும் தனியே நிறுத்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கின்றது. வெயிலில் நடந்து வந்து விறாந்தையில் ஏறி ஹோலுக்குள் நுழைபவருக்கு முதற் கணம் எல்லாம் இருட்டாகத் தோன்றி, சற்று நேரத்தில் அலுமாரிக் கண்ணாடியில் உள்ள கீறல்வரை தெளிவாகத் தெரியத் தொடங்குவதும் இந்தச் சுபாவத்தைச் சேர்ந்ததே. கமெராவுக்கு இப்படித் தாரதம்மியம் பார்த்துத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் வித்தை தெரியாது. அது தன்மேல் வந்து விழுந்த ஒளியை எண்ணி வைப்பதோடு சரி.

அந்த எண்ணிக்கையில் உள்ள வித்தியாசமோ சாமானியமானதன்று. நம் கரையில் உச்சி வெயில் தரையில் விழும்போது அதன் அளவு, விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்னும் அலகில், ஏறக்குறைய 1,00,000 இருக்கும். அதே வேளையில் யன்னலிலிருந்து சில அடிகள் உள்ளே தள்ளிப் போட்டிருக்கும் கதிரையின்மேல் சில நூறு லக்ஸ் விழுந்தால் அதிகம். அறையின் பின்மூலையில் நூறும் தேறாது. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தைக் கண்ணானது மாறிமாறிப் பார்த்து ஒருவாறு சமாளித்துக்கொள்ளுகின்றது. நாம் அனுப்பும் சாதாரண ஜேபெக் படத்திலோ ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே உண்டு. 255ஐத் தொட்ட இடம் வெள்ளை. அதற்குமேல் என்ன ஒளி வந்தாலும் அது வெள்ளையே. அவ்விடத்தில் இருந்த திரைச்சீலையின் மடிப்போ, சுவரின் சொரசொரப்போ, பிறகு எந்த மென்பொருளைக் கொண்டு தேடினாலும் திரும்பி வராது. ரோ எனப்படும் மூலக் கோப்பாக எடுத்தால் 12 பிட்டில் 4,096 படிகளும் 14 பிட்டில் 16,384 படிகளும் கிடைக்கின்றன என்பதனாலேதான், உள்ளறைகளைப் படமெடுப்போர் அதை விரும்புகின்றார்கள்.

இனிக் கமெராவின் இன்னொரு அறியாமை. ஒளியளக்கும் உபகரணம், எதிரே இருப்பது வெள்ளைச் சுவரா, கருங்காலி அலுமாரியா என்று அறியாது. உலகத்தில் உள்ளதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே அளவைத் தீர்மானிக்கின்றது. அச்சாம்பலைத் தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்பார்கள். கணினிப் படத்தில் அது ஏறக்குறைய 118ஆம் படியில் அமையும். ஆகவே நாலு பக்கமும் வெள்ளை பூசிய புது வீட்டு அறையைக் கமெராவின் இஷ்டத்துக்கு விட்டால் மழைக்கால மாலைபோல் மங்கி வருவதும், தேக்குப் பலகை அடித்த இருண்ட அறை அளவுக்கு மீறி வெளிறி வருவதும் சகஜம். “வெளிச்சம் காணாது” என்னும் குறையில் பாதி இங்கேதான் பிறக்கின்றது. அந்தப் பாதி நியாயமான குறை. வெள்ளைச் சுவர் சாம்பலாகத் தெரிந்தால் உயர்த்தத்தான் வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது? இதற்குக் கண்மதிப்பைவிட நம்பகமான பிரமாணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் படக்கலைஞர் அன்செல் அடம்ஸும் அவருடைய சகா பிரெட் ஆர்ச்சரும் 1939, 1940 வருஷங்களையொட்டி லொஸ் ஏஞ்சல்ஸில் கற்பித்துக்கொண்டிருந்தபோது வகுத்த மண்டல முறை அது. முழுக்கறுப்பிலிருந்து முழுவெள்ளை வரை பதினொரு மண்டலங்களாகப் பிரித்து, 18 சதவீதச் சாம்பலை ஐந்தாம் மண்டலமாக நடுவில் நிறுத்தி, சொரசொரப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகின்ற வெண்மையை எட்டாம் மண்டலத்தில் வைத்தார்கள். அவர்கள் பிலிமில் செய்ததை நாம் கணினியில் செய்யலாம்: படம் முழுவதையும் பார்த்து மயங்காமல், அறையில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை, பெரும்பாலும் வெள்ளைச் சுவரை, முதலில் தேர்ந்துகொண்டு, அதற்குரிய ஸ்தானத்தில் அதை நிறுத்திவிட்டால், மற்றவை தாமாகவே தத்தம் இடத்துக்கு வந்துசேரும்.

கணக்கைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். புதிதாக வெள்ளை பூசிய சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல ஒளி விழும் இடத்தில் அது படத்தில் 230ஐ அடுத்து நிற்கலாம். அதில் பாதி ஒளியே விழும் உட்பக்கச் சுவர் 170ஐ அடுத்து நிற்கும். கமெரா 118இல் கொண்டுவந்து வைத்த சுவரை ஒரு ஸ்டொப், அதாவது ஒளியை இரு மடங்காக்கும் ஒரு படி, உயர்த்தினால் 162க்கு வரும்; இரண்டாவது ஸ்டொப்பில் 221க்கு ஏறும்; மூன்றாவதில் எல்லையைக் கடந்து 255இல் முட்டி நின்றுவிடும். மென்பொருள்கள் தம் பங்குக்கு வளைவுகளைச் சேர்ப்பதனால் இந்த எண்கள் சற்று முன்பின்னாகலாம். ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கின்றது என்பதும், “இன்னும் கொஞ்சம்” என்ற சொல் பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலேயே நம்மைத் தள்ளுகின்றது என்பதும் மாறுவதில்லை.

உயர்த்தும் கருவிகளுக்குள்ளும் பேதம் உண்டு. பிரைட்னஸ் என்னும் கட்டளை போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் எல்லாப் படிகளோடும் ஒரே தொகையைக் கூட்டும் வெறும் கூட்டற் கணக்காக இருந்தது. நிழலும் சாம்பலாகி, வெண்மையும் பறந்துவிடும். 2007இல் வெளிவந்த பதிப்பில்தான் இரு முனைகளையும் காப்பாற்றும்படி அதைத் திருத்தினார்கள். எக்ஸ்போஷர் என்பது ஒளியைப் பெருக்குவது. கமெராவில் இன்னும் சற்று நேரம் திறந்து வைத்திருந்தாற்போன்ற பயன் தருவது. ஹைலைட்ஸ் வெளிச்சப் பகுதிகளை மட்டும் தணிக்கும். ஷடோஸ் நிழல்களை மட்டும் தூக்கும். எக்ஸ்போஷரால் சுவரை அதன் இடத்தில் நிறுத்தி, ஹைலைட்ஸைக் கொஞ்சம் தணித்து, ஷடோஸைத் தொடாமலோ மிகச் சிறிதளவு தொட்டோ விடுவதே நிதானமான வழி. ஷடோஸை முழுதும் தூக்கிவிட்டால் கட்டிலுக்கடியில் நிழல் இல்லாமற் போய், கட்டில் தரையில் நிற்கின்றதா, மிதக்கின்றதா என்றே தெரியாமற் போகும்.

சாய்ந்தமருதில் கடலைப் பார்த்த ஒரு வீட்டு ஹோலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கிழக்கு, அகலமான யன்னல் இரண்டு, அவற்றில் மருதமுனைத் தறியில் நெய்த அரக்குநிறத் திரைச்சீலை, வெள்ளைச் சுவர், பின்பக்கச் சுவரோரம் கண்ணாடி பதித்த தேக்கு அலுமாரி. காலை ஏழு மணிக்கு, கடலுக்கு மேலே எழுந்த சூரியன் நேராக யன்னலுக்குள் நுழைந்து, டைல்ஸ் தரையில் இரண்டு நீண்ட ஒளிப்பட்டைகளை விரித்துவிடுகின்றது. பார்க்க ரம்மியமாகத்தான் இருக்கும். ஆனால் அப்பட்டைகளைக் காப்பாற்றப் பார்த்தால் அலுமாரி கறுத்துவிடும், அலுமாரியைக் காட்டப் பார்த்தால் தரை எரிந்துவிடும். பத்து, பதினொரு மணிக்குச் சூரியன் மேலே ஏறியதும் நேர்வெயில் உள்ளே வருவது நின்று, வளவில் கிடக்கும் வெண்மணலில் பட்ட ஒளி கீழிருந்து மேலாகக் கூரையின் உட்பக்கத்தில் ஏறி, அங்கிருந்து அறை முழுவதும் மெல்லப் பரவுகின்றது. இந்தக் கரையின் விசேஷம் இதுதான் என்பேன்: இவ்வூர்கள் வட அகலக்கோடு ஏழு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் கிடப்பதனால் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்க, மற்ற மாதங்களிலும் உச்சியை விட்டு வெகுதூரம் விலகாமலே இருக்க, நண்பகலில் அறைக்குள் வருவது பெரும்பாலும் வானத்து வெயிலன்று, மணல் திருப்பி அனுப்பிய வெளிச்சமே. படமெடுக்க அதுவே உத்தமமான நேரம். பின்னேரம் வீட்டின் நிழலே முன்வளவில் விழுந்து விடுவதனால் ஹோல் மங்கத் தொடங்கும்.

பதினொரு மணிக்கு எடுத்த படத்தில் யன்னலோரச் சுவரை 225 அளவில் நிறுத்திப் பாருங்கள். திரைச்சீலையின் அரக்கு அரக்காகவே நிற்கும். பாவும் ஊடும் குறுக்கிடும் இடத்தில் உள்ள மெல்லிய மினுக்கமும் தெரியும். பின்சுவர் 160, 170 என்று சற்று அடங்கியிருக்கும். அறைக்கு ஆழம் உண்டு என்பதைச் சொல்வது அந்த அடக்கமேதான். இப்போது, கூட்டச் சொல்லுகின்றார்களே என்று இன்னும் ஒரு ஸ்டொப் கூட்டினால், யன்னலோரச் சுவர் 255இல் முட்டி நிற்க, இரண்டு சுவர்களுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் வெகுவாகச் சுருங்கி அறை தட்டையாகிவிடும். நெசவாளி பார்த்துப் பார்த்துத் தோய்த்த அரக்குநிறம் ரோசாநிறமாக வெளிறிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து மருதமுனைக் கடையில் அதே சீலையைத் தேடி வருபவருக்கு அது கிடைக்கப்போவதில்லை.

யன்னலுக்கு வெளியே தெரியும் உலகத்தை என்ன செய்வது என்பது இத்துறையின் பழைய தலைவலி. அதற்கு முதற் பரிகாரம் பொறுமைதான். ஆங்கிலேயரான பிரெடரிக் எவன்ஸ் 1903இல் வெல்ஸ் தேவாலயத்தின் தேய்ந்த படிக்கட்டுகளை எடுத்த புகழ்பெற்ற படம், தகுந்த ஒளிக்குக் காத்திருப்பதே திருத்தங்களுள் தலையாய திருத்தம் என்பதற்கு உதாரணமாயிருக்கின்றது. அமெரிக்கப் படக்கலைஞர் ஜூலியஸ் ஷூல்மன் 1960 மே மாதத்து இரவொன்றில், லொஸ் ஏஞ்சல்ஸ் மலைமேல் கட்டடக் கலைஞர் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டைப் படமெடுத்தபோது வேறொரு யுக்தி செய்தார்: கீழே விரிந்து கிடந்த நகர விளக்குகளுக்காக ஏறக்குறைய ஏழு நிமிஷம் கமெராவைத் திறந்து வைத்திருந்து, அதன் பிறகே உள்ளே பளிச்சிடும் விளக்குகளைக் கொளுத்தி, உள்ளே அமர்ந்திருந்த பெண்களைப் பதிவு செய்தார். உள்ளும் புறமும் ஒரே படத்தில் இசைந்தன. ஆயினும் வெளியே இரவு இரவாகவே இருந்தது. இன்று அதே காரியத்தை, இருண்டது, நடுத்தரம், வெளிறியது என மூன்று படங்கள் எடுத்து மென்பொருளால் ஒன்றாக்கி, எவரும் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகின்றார்கள். அதில் பிழையில்லை. பிழை, யன்னலுக்கு வெளியே நிற்கும் தென்னையையும் உள்ளே நிற்கும் கதிரையையும் ஒரே பிரகாசத்தில் காட்டுவதில் இருக்கின்றது. அப்படிப்பட்ட படத்தில் யன்னல், சுவரில் மாட்டிய கலண்டர்போல் ஆகிவிடும். வெளியுலகம் தெரியட்டும், ஆனால் பின்சுவரைவிட ஒரு ஸ்டொப்பாவது கூடுதலாக ஒளிரட்டும்.

இருட்டும் கட்டடக் கலைஞன் வேண்டுமென்று வைத்ததாயிருக்கலாம் என்பதை நம் நாட்டில் ஜெப்ரி பாவாவைவிட நன்றாக உணர்த்தியவர் இல்லை. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக இணைத்து அவர் அமைத்துக்கொண்ட இல்லத்தில், நீண்ட வெள்ளை நடைக்கூடம் ஒன்றின் கோடியில் மேலிருந்து ஒளி இறங்கும்; நடப்பவரை முன்னே இழுப்பது அந்த ஒளி; அதை அவ்வளவு பிரகாசமாக்குவது நடுவில் உள்ள மங்கல். கூடம் முழுவதையும் ஒரே சீராக வெளுக்கவைத்துப் படம் காட்டினால் அங்கே கட்டடக் கலைக்கு என்ன மிஞ்சும்? பெந்தோட்டைக்கு அருகில் உள்ள தமது லுனுகங்கைத் தோட்டத்தைப் பற்றி, கிறிஸ்தோப் பொன், டொமினிக் சன்சோனி ஆகியோரோடு சேர்ந்து 1990இல் பாவா வெளியிட்ட நூலின் படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. நிறத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது பிரகாசத்தின் ஏற்றத்தாழ்வு ஒன்றுதான். அந்த வீட்டைச் சொல்ல அதுவே போதுமென்று அவர்கள் நம்பியிருக்கவேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பழைய வீடுகளின் விறாந்தை தாழ இறங்கிய ஓட்டுக்கூரையோடு இருந்ததும், உள்ளறைகள் அரையிருளாக இருந்ததும் ஏழ்மையாலோ அறியாமையாலோ அல்ல. வெயிலை வாசலிலேயே நிறுத்தி வைத்து, பெண்களுக்கு மறைவும் முதியோருக்குக் குளிர்ச்சியும் தந்த ஏற்பாடு அது. அவ்வீடுகளிற் பல, 2004 டிசெம்பர் 26ஆந் திகதி சுனாமியாய் வந்த கடலோடு போய்விட்டன. இலங்கையில் மற்றெந்த மாவட்டத்தையும்விட அதிகமாக, 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. வீடுகளோடு, அவற்றின் உட்புறத்தைக் காட்டிய கலியாண அல்பங்களும் போயின. எஞ்சி நிற்கும் பழைய வீடு ஒன்றைப் படமெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அந்த அரையிருளை வெளுத்துவிடாதீர்கள். நம் பேரப்பிள்ளைகள் அதைக் காண வேறு வழியில்லை.

எல்லாவற்றிலும் பாரதூரமான விஷயத்துக்கு இப்போது வருகின்றேன். நொவெம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை கொட்டும் இந்தக் கரையில், கடலுப்பும் ஈரமும் சேர்ந்து சுவரடியில் மஞ்சட் கறையாக ஊறுவதும், சாந்து பொருமி உப்புப் பூப்பதும் எந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்த தொல்லை. இனி, முன்சொன்ன கணக்கை மறுபடி எடுங்கள். சுவர் 221இல் நிற்கும்போது அதில் உள்ள மெல்லிய கறை 206இல் நிற்பதாகக் கொள்வோம். பதினைந்து படி வித்தியாசம். கவனித்துப் பார்ப்பவர் கண்ணில் படும். மேலும் ஒரு ஸ்டொப் உயர்த்துங்கள்: சுவரும் 255, கறையும் 255. ஈரம் காய்ந்துவிட்டது! கொத்தனும் வேண்டாம், பெயின்ட்காரனும் வேண்டாம். தூரிகையால் கறையை அழித்தவன் தான் அழித்ததையாவது அறிவான். பிரகாசத்தைக் கூட்டியவனோ தான் ஒன்றும் மறைக்கவில்லை என்றே மனமார நம்பிக்கொண்டிருப்பான்.

தானியக் குவியலின் மேற்பகுதி உலர்ந்திருக்க, உள்ளே கைவிட்டுப் பார்த்து ஈரத்தைக் கண்டறிந்து, அந்த ஈரத்தை எல்லாரும் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று நபிகள் நாயகம் சந்தை வியாபாரியைக் கண்டித்த செய்தி நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் எத்தனையோ முறை சொல்லப்பட்டதுதான். சுவரின் ஈரத்துக்கும் அது பொருந்தாமற் போக நியாயமில்லை. தளபாடக் கடைக்காரர் தம் அலுமாரியை அழகாகக் காட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ எடுக்கும் படத்திலும், தோஹாவில் இருந்துகொண்டு தன் உழைப்பு எப்படிச் சுவராகியிருக்கின்றது என்று பார்க்க விரும்பும் ஒருவருக்கு அனுப்பும் படத்திலும், சுவரை 255இல் முட்டவிடுவது வியாபார நேர்மைக்கு உகந்ததன்று என்பதே என் முடிவு.

கடைசியாக, பார்க்கும் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டிய அறையில், முழுப் பிரகாசத்தில் வைத்த திரைக்கு முன்னால் அமர்ந்து திருத்துபவர் தம்மை அறியாமலே படத்தை மங்கவிட்டுவிடுவார், வாசலில் வெயிலில் நின்று தொலைபேசியிற் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது கறுப்பாகத் தெரியும், “காணாது” என்பார். இங்கே பிழை படத்திலுமில்லை, பார்ப்பவரிலுமில்லை. திரையின் ஒளியை, அதை அளக்கும் நிட்ஸ் என்னும் அலகில், 80 முதல் 120 வரையில் நிலையாக வைத்து, சாதாரண வெளிச்சமுள்ள அறையிலிருந்து திருத்துவதே தொழில்முறை வழக்கம். அளவுகருவி இல்லாதவர், ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒத்திருக்கும்படி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கண்ணை நம்பாமல், ஒவ்வொரு படியிலும் படத்தின் எவ்வளவு பகுதி நிற்கின்றது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும் ஒரு தடவை பாருங்கள். வலக்கோடியில் மலைபோல் குவிந்திருந்தால் எங்கோ ஒரு சுவர் எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

படமெடுக்கும் தம்பிமாரிடமும் தங்கைமாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வீட்டுக்காரர் வெளிச்சம் காணாது என்றால் உடனே ஸ்லைடரில் கைவைக்காமல், முதலில் திரைச்சீலையை ஒதுக்கி, யன்னற் கதவுகளை முழுதும் திறந்து, பதினொரு மணிக்கு மறுபடி எடுத்துப் பாருங்கள். தூரதேசத்தில் இருப்பவருக்கு வீட்டின் படத்தை அனுப்பும்போது, திருத்திய படத்தோடு திருத்தாத மூலப்படத்தையும் சேர்த்து அனுப்பி, எந்த அறை, எந்தத் திசை, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதை ஒரு வரியில் கீழே எழுதிவிடுங்கள்.